ஜன்னலைச் சாத்துடா பேராண்டி

ஏன்டா பேராண்டி, ஐரோப்பாவுல ஜன்னலைத் தொறந்துட்டாங்களாமே? இங்க ஊவாக் காத்து அடிக்கிற அடிக்கு லயத்துத் தகரம் பறந்துரக்கூடாதுன்னு நாங்க கல்லைத் தூக்கி மேல வச்சுக்கிட்டு இருக்கோம். நீ என்னடான்னா அங்க ஆட்டக்காரனை வாங்கி விக்கிற ஜன்னல் எப்பத் தொறக்கும் எப்பச் சாத்தும்னு கண்ணு பூத்துக் கெடக்குற. செப்டம்பர் பொறந்ததும் சாத்திருவாங்களாம். அதுக்குள்ள மன்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஒரு கோலி, செல்சிக்கு ஒரு முன்வரிசைக்காரன், சென்னைக்கு நடுவுல நிக்க ரெண்டு பேரு, எல்லாம் நீதான் புடிச்சுக் குடுக்கணும். பெரிய பொறுப்புதான். ராத்திரி தூக்கம் வருதா?

உன் போனை எட்டிப் பார்த்தேன், கோவிச்சுக்காத. ஒரு பக்கம் 'போகணும்'னு ஒரு வரிசை. மறுபக்கம் 'வரணும்'னு அதைவிட நீளமா ஒரு வரிசை. நடுவுல அம்புக்குறி வேற. நான் இந்தத் தோட்டத்துல எத்தனையோ தொரைமாரைப் பார்த்துட்டேன். பெரட்டுக்களத்துல பேரு பதியிற செக்ரோல் புத்தகத்தைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னவங்ககூட உன்ன மாதிரி மிடுக்கா பேரு வெட்டுனதில்ல. "இவன் வயசாளி, தள்ளு. இவனுக்கு இடது காலு வராது, தள்ளு." யாருடா வயசாளி? இருபத்தொம்பது வயசுக்காரனாம்! அந்த வயசுல எனக்குக் கலியாணமே ஆகல.

இதுக்குப் பேரு 'ரீபில்டு'ன்ன. சரி. 'புராஜெக்ட்'னும் ஒண்ணு சொன்ன. அது என்னான்னு கேட்டேன். மூணு வருஷம் தோத்தாலும் யாரும் யாரையும் கேள்வி கேக்கக்கூடாதாம். அடடா, இந்த மாதிரி ஒரு வேலை எங்க காலத்துல இல்லாமப் போச்சே! நாங்க ஒரு நாள் கிலோ கொறைஞ்சாலே அரைப்பேருதான், அரைநாள் சம்பளந்தான்.

எனக்கு புட்போல் தெரியாதுன்னு மட்டும் நெனைச்சிராத. வயசுல நம்ம தோட்டத்துக் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு அணிக்குப் பின்வரிசையில வெறுங்காலோட ஆடுனவன் நான். நீ தெனமும் வாய் ஓயாம சொல்றதுல பாதி எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. சென்னையின் எப்.சி. கதையையே எடுத்துக்க. உனக்கு அதுமேல உசுரு. தமிழ்நாட்டு அணி, நீலச் சட்டை, டோனி பங்கு வச்சிருக்காரு, அபிஷேக் பச்சன் கோல் விழுந்தா எந்திரிச்சுத் துள்ளுறாரு. இருக்கட்டும். 2014ல இந்திய லீக்ல ஆரம்பிச்சாங்க. 2015ல மாட்டராசி கோச்சா இருந்தாரு. 2006 உலகக் கிண்ண இறுதியில சிடானோட தலையை நெஞ்சுல வாங்கி விழுந்தாரே, அவரேதான். அவரு காலத்துல கோவாவுக்கே போயி கோவாவையே 3-2ன்னு சாய்ச்சு கிண்ணம் வாங்குனாங்க. அடுத்த வருஷம் என்னாச்சு? எட்டு அணியில ஏழாவது.

பொறவு ஜோன் கிரகரின்னு ஒரு இங்கிலாந்துக்காரர். 2018 மார்ச்சுல பெங்களூருக்கே போயி பெங்களூரையே 3-2. ரெண்டாவது கிண்ணம். நீ அன்னைக்கு லயம் பூரா ஓடுன, ஞாபகம் இருக்கா? அடுத்த வருஷம்? பத்து அணியில பத்தாவது. 18 ஆட்டத்துல 9 புள்ளி. அதே கோச்சு, கிண்ணத்தைத் தூக்குன பல பேரு அப்படியே இருந்தாங்க. அந்தக் கையோடதான் 2019 மார்ச்சுல ஏ.எப்.சி. கிண்ணத் தகுதி ஆட்டத்துக்கு நம்ம கொழும்பு எப்.சி.யோட மோதுனாங்க. கொழும்புல 0-0. திரும்பி அகமதாபாத்துல 1-0. இந்தியாவுல வால்ல நின்ன அணி நம்ம நாட்டு அணியை ஒரே கோல்லதான் தாண்டிப் போச்சு. அன்னைக்கு நீ எந்தப் பக்கம் கை தட்டுனன்னு நான் கேக்கல. வீட்டுல ஆயிரம் சண்டை இருக்கு, அது ஒண்ணு வேறயா?

உன் கட்சி என்ன? 'பழைய ஆளை வச்சிருந்தா இதுதான் நடக்கும், எல்லாத்தையும் மாத்தணும்'. சரி, மாத்துனாங்கப்பா. 2020-21ல சாபா லாஸ்லோன்னு ஒரு கோச்சு. பதினோரு அணியில எட்டாவது. அடுத்த வருஷம் பாண்டோவிச். அவரை நடுவுலயே வீட்டுக்கு அனுப்பிட்டு நம்ம சபீர் பாஷாகிட்டக் குடுத்தாங்க. அப்பவும் எட்டாவது. அதுக்கடுத்த வருஷம் பிர்தாரிச்சுன்னு ஒரு ஜெர்மன்காரர். நீ சொல்லு, எத்தனாவது? எட்டாவதுடா! மூணு வருஷம், கோச்சு மாறுனாங்க, ஆளு மாறுனாங்க, விமானச் சீட்டு மாறுச்சு, எடம் மட்டும் அசையல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவங்க கூடத்தை மூணு தடவை இடிச்சுக் கட்டியும் ஆட்டம் அதேதான்.

இதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு, அதை நீ அவ்வளவாச் சொல்றதில்ல. 2019 கடைசியில கிரகரி போயி ஓவன் கோய்ல் வந்தாரு. அணி அப்பக் கீழ கெடந்துச்சு. பெரும்பாலும் அதே பசங்கதான். வால்ஸ்கிஸ்னு ஒரு லித்துவேனியாக்காரன், 15 கோல் அடிச்சான். அந்தப் பருவத்துலயே இறுதியாட்டம் வரைக்கும் போயிட்டாங்க. கொரோனாவால ஆளில்லாத மைதானத்துல ஏ.டி.கே.கிட்ட 3-1 தோத்தாங்க, அது வேற கதை. ஆளு அதேதான். ஆனா எவனை எங்க நிறுத்தணும்னு பார்த்த கண்ணு புதுசு. உன் போன் வரிசையில அந்தக் கண்ணுக்கு எடம் எங்க இருக்கு?

பொறவு கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனாரு. போகையில வால்ஸ்கிஸும் பின்னாடியே போயிட்டான். நீ அன்னைக்கு 'துரோகம்'னு குதிச்ச. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஏன்னா இந்தக் கூத்தை எங்க பாட்டன் காலத்துலயே இந்த மலையில ஆடி முடிச்சுட்டாங்க.

கேளு. உன் பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. அந்தக் காலத்துல சனம் தோட்டத்துக்கு வரையிலேயே கடனோடதான் வரும். கப்பல் கூலி, வழிச் சோறு, கம்பளி எல்லாம் சனத்தைக் கூட்டிட்டு வர்ற கங்காணி எழுதி வச்சுருவாரு. அந்தக் கடன் தீராம வேற தோட்டத்துக்குப் போக முடியாது. அப்பத் தொரை ஒரு சீட்டு எழுதிக் குடுப்பாரு. 'இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன். அதைக் கட்டுனா விட்டுருவேன்'னு இருக்கும். அதுக்குப் பேரு துண்டு. கங்காணி அந்தத் துண்டை மடியில வச்சுக்கிட்டு தோட்டம் தோட்டமாப் போவாரு. எவன் காசு கட்டுறானோ, கூட்டம் அவனுக்கு. பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் பத்தாக்குறைன்னா விலை ஏறும். கட்டுன காசு கூலிக்காரன் கைக்கு வருமா? வராது. அது அவன் தலையிலயே புதுக் கடனா ஏறும். கங்காணிக்கு மட்டும் ஆளு வேலைக்கு எறங்குற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு.

இப்ப நீ சொல்ற டிரான்ஸ்பர் பீஸ் எதுடா? ஏஜெண்டு எடுக்கிற கமிஷன் எதுடா? டை கட்டியிருக்கான், காரு வச்சிருக்கான், அவ்வளவுதான் வித்தியாசம். கெடக்கு, இன்னைக்கு ஆடுறவன் கோடீசுவரன், எங்க பாட்டன் கம்பளிக்குக் கடன் பட்டவரு. அந்த வித்தியாசத்தை நான் மறைக்கல.

வேடிக்கை என்னன்னா, துண்டை 1921லயே சட்டம் போட்டு ஒழிச்சுட்டாங்க. கங்காணியோட கொப்பியில அது எப்ப ஒழிஞ்சுச்சுங்கிறது வேற கேள்வி. ஆனா சட்டத்துல 1921. வெள்ளைக்காரன் தன் புட்போல்காரனுக்கு அதைச் செய்ய எவ்வளவு நாளாச்சு தெரியுமா? பெல்ஜியத்துல போஸ்மன்னு ஒருத்தன், லியேஜ் கிளப்புல ஆடுனான். ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு. பிரான்ஸுல டன்கர்க் கிளப்புக்குப் போறேன்னான். பழைய கிளப்பு விடல. ஒப்பந்தமே இல்லாத ஆளுக்கு விலை கேட்டுச்சு! அவன் கோடு ஏறி, வழக்காடி, 1995 டிசம்பர்லதான் ஐரோப்பிய நீதிமன்றம் 'ஒப்பந்தம் முடிஞ்சவனைச் சும்மா விடு'ன்னுச்சு. கணக்குப் பாரு, எழுவத்திநாலு வருஷம் எங்களுக்குப் பின்னாடி. இனிமே தோட்டத்து சனம் பின்தங்குன சனம்னு எவனாவது சொன்னா இதை எடுத்து விடு.

அப்புறம் வால்ஸ்கிஸ் என்ன பண்ணான்? 2022 சனவரியில சென்னைக்கே திரும்பி வந்தான். அவனை விட்ட ஜாம்ஷெட்பூர் அந்தப் பருவத்துல புள்ளிப் பட்டியல்ல முதலாவது. அவன் வந்து சேர்ந்த சென்னை எட்டாவது. 2023ல கோய்லும் திரும்பி வந்தாரு. ஆறாவது ஆனாங்க. அடுத்த பருவம் பதிமூணுல பதினொண்ணாவது. மறுபடியும் போனாரு. போனவன் வாரான், வந்தவன் போறான். நீ அம்புக்குறி போட்டுக்கிட்டு இரு.

2025ல நீ பண்ணுனதுதான் எனக்கு இன்னும் வயித்தைக் கலக்குது, சிரிச்சுச் சிரிச்சு. இந்தியப் புட்போல் சம்மேளனத்துக்கும் லீக் ஆட்டத்தை நடத்துற கம்பெனிக்கும் போட்டிருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பரோட முடியுது. புதுசு போடல. ஜூலையிலயே 'இந்தப் பருவம் இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கு'ன்னுட்டாங்க. பெங்களூரு எப்.சி. முதல் அணியோட சம்பளத்தையே நிறுத்திருச்சு. செப்டம்பர்ல எறங்க வேண்டிய ஆட்டம் வருஷம் முடியிற வரைக்கும் எறங்கல. அப்ப நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த? சென்னைக்கு இடது பக்கம் ஓட ஒரு பிரேசில்காரனைத் தேடிக்கிட்டு இருந்த! கல்யாணமே நின்னு போச்சு, இவன் பந்தியில வடை பத்தலங்கிறான்.

சரி, வெள்ளைக்கார ஊருக்கு வாரேன். செல்சி. 2022 மேயில அமெரிக்கக்காரங்க வாங்குனாங்க. அடுத்த ஒரே பருவத்துல 50 கோடி பவுண்டுக்கு மேல கொட்டி ஆளைக் குவிச்சாங்க. என்சோ பெர்னாண்டஸ் ஒருத்தனுக்கே 10 கோடி 68 லட்சம் பவுண்டு. பவுண்டு ஒண்ணு நானூறு ரூவான்னு வை. நாலாயிரத்து எரநூறு கோடி ரூவாய்க்கு மேல வருது. நம்ம தோட்டத்துல 2024ல கட்டுன அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூவா. வருஷத்துக்கு முன்னூறு நாள் பேரு விழுந்தாலும், உங்க ஆத்தா அந்த ஒரு பயலோட விலையைச் சம்பாதிக்க லட்சம் வருஷத்துக்கு மேல கொழுந்து பறிக்கணும். அவ பறிப்பா. பயலு நிக்கணுமே!

விலையை எப்படிக் கணக்குல மறைச்சாங்கன்னு நீதான் எனக்குச் சொன்ன. முட்ரிக்குங்கிறவனுக்கு எட்டரை வருஷ ஒப்பந்தம். அம்புட்டு வருஷத்துக்கும் விலையைப் பிரிச்சு எழுதுனா ஒரு வருஷக் கணக்குல கொஞ்சமாத் தெரியும். கெட்டிக்காரத்தனம்தான். 2023ல ஐரோப்பிய சங்கம் 'அஞ்சு வருஷத்துக்கு மேல பிரிக்கக்கூடாது'ன்னு கையைக் கட்டிருச்சு. எங்க தீவாளி அட்வான்ஸை மாசாமாசம் புடிச்சு முடிக்கிறவங்களுக்கு இந்த எட்டரை வருஷ வித்தை தெரியாமப் போச்சே!

பலன்? அந்தப் பருவம் பன்னெண்டாவது. 38 ஆட்டத்துல 38 கோல். டூகெல்ல ஆரம்பிச்சு, பொட்டரை வச்சு, கடைசியில லம்பார்டைக் கூப்புட்டு ஒப்பேத்துனாங்க. ஏன் இப்படின்னு நீ போன்ல மூணு மணி நேரம் விளக்கம் கேட்ட. எனக்கு மூணு நிமிசம் போதும். நான் கவ்வாத்து வெட்டுனவன்.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டணும், வெட்டாட்டி கொழுந்து வராம வங்கி விழுந்துரும். அதுல சந்தேகமில்ல. நம்ம உசரத்துல நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வெட்டுவோம். ஆனா எப்படி வெட்டுவோம்? இந்த வருஷம் இந்த மலை, அடுத்த வருஷம் அந்த மலை. முழுத் தோட்டத்தையும் ஒரே மாசத்துல வெட்டுனா கொழுந்து அரைக்கிற ஸ்டோருக்கு எதைக் கொண்டு போவ? வெட்டுறதுக்கு முன்னாடி வேரைக் கீறி அயடின் தொட்டு மாவுச்சத்து இருக்கான்னு பார்க்கிறதுண்டு. சத்து இல்லாத செடியை வெட்டுனா அது செத்துப் போகும், வெட்டுனவன் கையைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். எல்லாக் கொப்பையும் மொட்டையடிக்காம ஒண்ணு ரெண்டை மூச்சுக்கு விட்டு வைப்போம். வெட்டுன பொறவு மாசக் கணக்குல அந்த மலைக்குப் பக்கமே போக மாட்டோம். துளிர் வரும், மட்டம் பார்த்துக் கிள்ளுவோம், அப்புறந்தான் கூடை. செல்சிக்காரன் மொத்த மலையையும் ஒரே நாள்ல வெட்டிட்டு மறுநாள் காலையில கூடையைத் தூக்கிட்டு வந்து நின்னான்.

'ஆனா தாத்தா, 2025ல அவங்கதான கிளப் உலகக் கிண்ணம் வாங்குனாங்க, பி.எஸ்.ஜி.யை 3-0ன்னு'ங்கிற. வாங்குனாங்க, இல்லங்கல. வெட்டி மூணு வருஷம் கழிச்சு. அந்த இறுதியில ரெண்டு கோல் அடிச்ச பால்மர் 2023ல வந்து சேர்ந்தவன். நான் சொன்னதைத்தான நீ சொல்ற?

அடுத்தது உன் டேட்டா. 'எதிர்பார்த்த கோல்'னு ஒண்ணு சொன்ன பாரு, அன்னைக்கு எனக்கு டீ மூக்குல ஏறிருச்சு. அடிச்ச கோல் இல்லையாம், அடிச்சிருக்க வேண்டிய கோலாம். அதுவும் முழுசா இல்ல, 0.8 கோலாம். பறிச்சிருக்க வேண்டிய கொழுந்துக்கு எந்தக் கணக்கப்பிள்ளைடா கிலோக் காசு எழுதிக் குடுத்தான்? கணக்கே வேண்டாம்னு நான் சொல்லல. பிரெண்ட்போர்டுன்னு ஒரு சின்னக் கிளப்பு கணக்கை வச்சே மேல வந்துச்சு. 2019ல பிரான்ஸுல இருந்து எம்பூமோங்கிற பையனை 60 லட்சம் பவுண்டுக்கு உள்ளாற வாங்கி, 2025ல உன் மன்செஸ்டருக்கு ஆறு கோடிக்கு மேல வித்தாங்க. வித்தவன் கெட்டிக்காரன். வாங்குனது நீ. சந்தோசம்தான?

கணக்கும் வேணும், அதைத் தூக்கிட்டுப் போயிப் பார்க்கிற காலும் வேணும். லெஸ்டர்ல ஸ்டீவ் வோல்ஷுன்னு ஒருத்தர் இருந்தாரு. ஆளு தேடுறதுதான் வேலை. பிரான்ஸுல லே ஹாவ்ருக்கு வேற ஒருத்தனைப் பார்க்கப் போனாரு. போன எடத்துல ஒல்லியா ஒரு பையன் பந்தைக் காலுல ஒட்டி வச்சிருக்கான். மஹ்ரெஸ். அஞ்சு லட்சம் பவுண்டுகூட ஆகல. வார்டியைப் பாரு. கை காலு ஒடிஞ்சவனுக்குக் கட்டுற பட்டை செய்யிற பட்டறையில வேலை பார்த்துக்கிட்டு, சின்ன அணியில வாரத்துக்கு முப்பது பவுண்டுக்கு ஆடுனவன். 2012ல 10 லட்சம் பவுண்டுக்கு வந்தான். கான்டே 2015ல 56 லட்சத்துக்கு. முந்தின பருவம் மாசக் கணக்கா அடிமட்டத்துல கெடந்து, கடைசி நேரத்துல தப்பிப் பொழைச்ச அணிடா அது. பந்தயக்காரன் ஒண்ணுக்கு அய்யாயிரம்னு விலை போட்டிருந்தான். 2016ல கிண்ணம் யாருக்கு? அன்னைக்கு வோல்ஷு போன்ல பார்த்துக்கிட்டு வீட்டுலயே இருந்திருந்தா, பார்க்கப் போனவனை மட்டுந்தான் பார்த்திருப்பாரு.

இப்ப நம்ம நாட்டுக்கு வா. மூஞ்சியைச் சுளிக்காத. 1995ல கொழும்புல இந்தியாவை 1-0 வீழ்த்தி தெற்காசியத் தங்கக் கிண்ணம் வாங்குன நாடு இது. உனக்கு அது பாட்டி கதை மாதிரி இருக்கும். 2021ல பத்து கிளப்பை வச்சு சூப்பர் லீக்னு சம்பளத்துக்கு ஆடுற போட்டி ஆரம்பிச்சாங்க. நம்ம மலைப்பக்கத்துல இருந்து நாவலப்பிட்டிக்காரங்க, அப்கன்ட்ரி லயன்ஸ், அதுல இருந்தாங்க. புளூ ஸ்டார் வாங்குச்சு. வாங்குன கையோட 2022 ஏப்ரல்ல கல்கத்தாவுக்குப் போயி மோகன் பகான்கிட்ட அஞ்சு வாங்கிட்டு வந்துச்சு. அப்புறம் பெட்ரோல் வரிசையில நாடே நின்னுச்சே, பந்து எங்க ஓடும்?

அது போதாதுன்னு பதவிச் சண்டை. தேர்தல்ல வெளியாளு தலையிடுறான்னு 2023 சனவரியில பீபா நம்மளைத் தள்ளி வச்சுது. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் ஆடவே முடியாது. 211 நாட்டுல 207ன்னு கெடந்த அணி, அதுக்கும் தடை! ஏறத் தெரியாதவன் ஏணியை எவன் எடுத்தா என்னன்னு நீ கேட்டிருப்ப. பசங்களுக்கு வலிச்சிருக்கும்டா. ஏழு மாசத்துக்கு மேல காலு சும்மா கெடக்கிறது லேசுப்பட்டதா?

தடை நீங்குன பொறவு என்ன பண்ணுனாங்க? வெளிநாட்டுல இருக்கிற நம்ம பிள்ளைகளைத் தேடுனாங்க. ஜெர்மனியில பொறந்த வசீம் ராசிக் ஏற்கெனவே வந்திருந்தான். சுவீடன்ல இருந்து ஆதவன் ராஜமோகன். ஜெர்மனியில இருந்து கம்மர்க்னெக்ட்டுன்னு ஒருத்தன், பேரைச் சொல்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிரும். பின்னாடி நின்னு புடிக்க நம்ம சுஜான் பெரேரா. 2024 செப்டம்பர்ல கம்போடியாவோட ரெண்டு ஆட்டமும் சமமாகி, பெனால்டியில வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்குள்ள போனாங்க. 2025ல பாங்கொக்ல போயி தாய்லாந்துகிட்ட ஒரே கோல்லதான் தோத்தாங்க. ஜூன்ல கொழும்புல சைனீஸ் தாய்பேயை 3-1. இதுக்கு எவனுக்கும் நாலாயிரம் கோடி ஆகல. பாட்டி ஊரு எதுன்னு கேட்டுக் கண்டுபுடிச்ச அணி.

எனக்கு இதுல கோவமில்ல, நம்ம ரத்தம் எங்க இருந்தாலும் நம்ம ரத்தம். ஆனா ஒண்ணு கேக்குறேன். சுவீடன் வரைக்கும் போன கண்ணு பசறைக்கு வந்துச்சா? லுணுகலைக்கு? மடுல்சீமைக்கு? நான் இருக்கிற வரைக்கும் இந்த மைதானத்து ஓரத்துல ஒரு ஆளு கொப்பியை வச்சுக்கிட்டு நின்னு எந்தப் பயலையும் பார்த்து நான் பார்த்ததில்ல. பதுளையில வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கு, நல்ல மைதானம். அங்க போக நம்ம பயலுக்குப் பஸ் காசு வேணும், சப்பாத்து வேணும், அன்னைக்கு அப்பன் ஏச்சை வாங்காம இருக்கணும். சரிவுல ஆடிப் பழகுன காலுடா நம்ம காலு. சமதரையில விட்டா பறக்கும். யாரு விடுறா?

அந்த விசயத்துல உன்னையும் சும்மா விடப் போறதில்ல. கொழும்புக்காரன் வரல, சரி. நீ எங்க போன? வர்ற தீவாளிக்கு மேக்கணக்கோட ஆட்டம் இருக்கே, கீழ்க்கணக்கு அணிக்கு நீதான தலைவன்? அந்த அணியோட வரிசை உன் போன்ல எங்க? மன்செஸ்டரோட மாத்து கோலிக்குச் செருப்பு சைசு என்னன்னு சொல்ற. நம்ம கோலி யாரு?

நான் சொல்றேன் கேட்டுக்க. போன வருஷம் கோலிக்கு நின்னவன் கட்டாருக்குப் போயிட்டான், ரெண்டு வருஷத்துக்கு வர மாட்டான். அவனுக்கு எந்த ஜன்னலும் கெடையாது, பாஸ்போட்டு மொதலாளிகிட்ட இருக்கு. இடது பக்கம் ஓடுனவன் புறக்கோட்டையில துணிக்கடையில நிக்கிறான். தீவாளிக்கு மொத நாள் ராத்திரி வரைக்கும் வியாபாரம், மொதலாளி விட்டாத்தான் ராத்திரிக் கோச்சி. வருவான், ஆனா தூங்காம வருவான். அவனை முதல் பாதியில எறக்காத. நடுவுல நின்ன நெட்டையன் கலியாணம் முடிச்சுட்டான். மாமனார் வீடு மேக்கணக்கு. அவன் எந்தப் பக்கம் ஆடுவான்னு அவன் பொண்டாட்டியைக் கேட்டுத்தான் சொல்லணும், இதுக்கு எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. பேக்கரிக்காரன் இருக்கான், ஆனா விடியக் காலம்பர மாவு பிசைஞ்சுட்டு வருவான், பத்து நிமிசத்துல நாக்குத் தள்ளிரும். அவனைப் பின்னாடி நிறுத்து, கத்துறதுக்கு நல்லா இருப்பான்.

புதுசா ஆளு வேணுமா? உன் வயசுப் பசங்களை விடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்டோருக்குப் பின்னாடி பழைய சாக்குப் பந்தை உதைக்குதுகளே சின்னதுக, அதுல ஒண்ணு. ரெண்டு காலாலயும் அடிக்கிறான். பந்து தேயிலைக்குள்ள போனா மத்தவன் எல்லாம் நிக்கிறான், அவன் மட்டும் குனிஞ்சு உள்ள போயி எடுத்துட்டு வாரான். நீ தெனம் அவனைத் தாண்டித்தான் போன் சிக்னல் புடிக்கப் பாறை மேல ஏறுற. பதினாலு வயசுதான், மொத வருஷம் பத்து நிமிசம் விடு, இடிபட்டு விழுந்தா தூக்கி விடாத, அவனே எந்திரிக்கிறானான்னு பாரு. சப்பாத்து இல்லம்பான். உன்னோடது ஒரு சோடி கட்டிலுக்குக் கீழ சும்மாதான கெடக்கு? சட்டைக்கு நம்பர் அடிக்கிறது, கொடி, மாலை எல்லாம் அப்புறம் பார்ப்போம். போன தடவை நம்பர் அடிச்ச காசுக்கு ரெண்டு பந்து வாங்கியிருக்கலாம்.

பந்துன்னதும் ஞாபகம் வருது. இருக்கிற ஒரே பந்தும் சப்பிப் போயிக் கெடக்கு. காத்தடிக்கிற பம்பு மேக்கணக்குக்காரன் வீட்டுல இருக்கு, ஊசி நம்மகிட்ட இருக்கு. போயி மொதல்ல அந்தப் பேச்சுவார்த்தையை முடிச்சுட்டு வா. ஊசியை மட்டும் கையை விட்டுக் குடுத்துறாத.